நாய்க்கும் பிளேட்லெட் குறையுமா? உடலே தன் ரத்தத் தட்டணுக்களை அழிக்கும் ‘ஐடிபி’ நோயும் அதன் சிகிச்சையும்

மழைக்காலம் வந்தால் தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?” என்பது. டெங்குவால் நமக்குப் பழகிப்போன வார்த்தை இது. ஆனால், வீட்டில் வளரும் நாயின் ரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் ‘பிளேட்லெட் 8,000’ என்று வந்தால் பலருக்குக் கையும் காலும் ஓடுவதில்லை. நாய்க்கும் டெங்கு வருமா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

இதற்குக் காரணம் டெங்கு அல்ல. நாய்களுக்குப் பிளேட்லெட் குறைய வேறு பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, உண்ணி மூலம் பரவும் காய்ச்சல். மற்றொன்று, நாயின் நோய் எதிர்ப்பு மண்டலமே தன் சொந்த பிளேட்லெட்டுகளை எதிரி என்று நினைத்து அழித்துவிடும் ‘இம்யூன் திராம்போசைட்டோபீனியா’. சுருக்கமாக, ஐடிபி.

இந்த இரண்டும் வெளியே பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்கு ஆன்டிபயாட்டிக் போதும். மற்றொன்றுக்கு நோய் எதிர்ப்பு சக்தியையே அடக்கும் மருந்து மாதக்கணக்கில் தேவை. இந்த இடத்தில்தான் குழப்பம், தாமதம், சில நேரம் உயிரிழப்பு வரை எல்லாம் நடக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

பிளேட்லெட் என்ன வேலை செய்கிறது? எவ்வளவு இருக்க வேண்டும்?

பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. ரத்தக் குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் ஓடிப்போய் அந்த ஓட்டையை அடைப்பது இவற்றின் வேலை. நாம் உட்காரும்போதும் நடக்கும்போதும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் இப்படிச் சின்னச் சின்னக் கசிவுகள் ஏற்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. பிளேட்லெட் இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. நாய்க்கும் இதே கதைதான்.

நாயின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை பிளேட்லெட்டுகள் இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த அளவு சற்று மாறும். 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினாலும் நாய் நன்றாகவே ஓடியாடும். 50,000-க்குக் கீழே போனால் அடிபடும்போதோ, அறுவை சிகிச்சையின்போதோ ரத்தம் நிற்காத ஆபத்து வருகிறது. 30,000-க்கும் கீழே போகும்போது, அடி எதுவும் படாமலேயே ரத்தம் கசியத் தொடங்கலாம். ஐடிபி வந்த நாய்களில் பல, மருத்துவமனைக்கு வரும்போதே இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். 10,000-க்கும் குறைவாக இருப்பதுகூட அபூர்வம் இல்லை.

எல்லா நாய்க்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரேஹவுண்ட் இன நாய்களுக்கு இயல்பிலேயே பிளேட்லெட் சற்றுக் குறைவு. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இனத்தில் பல நாய்களுக்குப் பரம்பரையாகவே எண்ணிக்கை குறைவாகவும், ஒவ்வொரு பிளேட்லெட்டும் அளவில் பெரியதாகவும் இருக்கும். இவை நோய் அல்ல. சிகிச்சையும் தேவையில்லை.

உடல் ஏன் தன்னையே தாக்குகிறது?

உடலுக்குள் கிருமி நுழைந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதன் மீது ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டவைக்கும். ‘இது எதிரி, அழித்துவிடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது போல. ஐடிபி-யில் இந்த ஸ்டிக்கர் தவறுதலாகப் பிளேட்லெட்டின் மேல்பரப்பில் ஒட்டிவிடுகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள், ஸ்டிக்கரைப் பார்த்ததும் அந்தப் பிளேட்லெட்டை விழுங்கி விடுகின்றன. சாதாரணமாகப் பல நாட்கள் வாழ வேண்டிய பிளேட்லெட், மிகக் குறைந்த நேரத்தில் காலியாகிறது. எலும்பு மஜ்ஜை எவ்வளவு வேகமாகத் தயாரித்தாலும் ஈடுகொடுக்க முடிவதில்லை.

குற்றவாளி ரத்தத்தில்தான் இருக்கிறது என்பது மனிதர்களில் நிரூபிக்கப்பட்ட விதம் துணிச்சலானது. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐடிபி நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் சரசரவென இறங்கியது. உடலில் ரத்தப் புள்ளிகள் தோன்றின. சில நாட்களில் அவர் மீண்டும் இயல்புக்குத் திரும்பினார். நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று அடுத்தவரின் பிளேட்லெட்டையும் அழிக்கிறது என்பது அதன் மூலம் உறுதியானது. நாய்களின் ஐடிபி-யும் மனிதர்களின் ஐடிபி-யும் பெருமளவு ஒத்த வழியில் நடப்பதால், சிகிச்சை மருந்துகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் வந்தால் அது ‘முதன்மை’ ஐடிபி. உண்ணிக் காய்ச்சல் போன்ற தொற்று, புற்றுநோய், சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் போன்ற சில மருந்துகள் இதைத் தூண்டியிருந்தால் அது ‘இரண்டாம் நிலை’ ஐடிபி.

எந்த நாய்க்கும் இது வரலாம். என்றாலும் நடுத்தர வயது நாய்களில் அதிகம். ஆண் நாய்களைவிடப் பெண் நாய்களில் கூடுதல். காக்கர் ஸ்பேனியல், பூடுல், ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக் இனங்களில் அதிகம் பதிவாகியிருக்கிறது. ஐடிபி ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கோ மனிதருக்கோ தொற்றாது.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த நோயின் பெரிய சிக்கலே, பல நாய்கள் கடைசி வரை உற்சாகமாக இருப்பதுதான். சாப்பிடும், வாலை ஆட்டும், பந்தைத் துரத்தும். பிளேட்லெட் மட்டும் பாதாளத்தில் இருக்கும். அதனால் கண்ணால் பார்ப்பது அவசியம். கவனிக்க வேண்டியவை:

• ஈறு, காதின் உள்பக்கம், முடி குறைவான அடிவயிறு ஆகிய இடங்களில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் இவை மறையாது. உண்ணி அல்லது கொசு கடித்த தடிப்பாக இருந்தால், அழுத்தும்போது வெளிறிவிடும்.

• அடிபடாமலேயே தோலில் ஊதா நிறக் கன்றல்.

• மூக்கில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், கண்ணின் வெள்ளைப் பகுதியிலோ உள்ளேயோ ரத்தம்.

• தார் போலக் கருப்பாக, பிசுபிசுப்பாக மலம். குடலுக்குள் ரத்தம் கசிகிறது என்பதன் அடையாளம் இது.

• ஈறு வெளிறிப்போவது, மூச்சு வாங்குவது, எழுந்து நிற்க முடியாமல் துவள்வது.

கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம். அதுவும் அவசர நிலைதான்.

மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

நம்பக் கூடாது. ரத்தம் எடுக்கும்போதே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடலாம். எண்ணும் கருவி அந்தக் கட்டியைப் பிளேட்லெட்டாகப் பார்க்காது. விளைவு, உண்மையில் 2 லட்சம் உள்ள நாய்க்கு 40,000 என்று அறிக்கை வரும். இதை ‘போலிக் குறைவு’ என்பார்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் போதும். கட்டி இருக்கிறதா என்பது முதலில் தெரிந்துவிடும். கட்டி இல்லையென்றால், எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 எக்ஸ் லென்ஸில் ஒரு வட்டத்துக்குள் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டும் தோராயமாக 15,000-க்குச் சமம். வட்டத்துக்கு 10 தெரிந்தால் சுமார் 1.5 லட்சம். ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால் நிலைமை மோசம். செலவு குறைவான, சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை இது. ஆகவே, அறிக்கையில் பிளேட்லெட் குறைவு என்று வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஸ்மியர் பார்த்தீங்களா?” என்பதுதான்.

உண்ணிக் காய்ச்சலா, ஐடிபி-யா?

நம் ஊரைப் பொறுத்தவரை மிக முக்கியமான கேள்வி இதுதான். ஐரோப்பாவின் குளிர்ப் பகுதியில் எழுதப்பட்ட கட்டுரையை கூகுளில் படித்துவிட்டு, ‘என் நாய்க்கும் ஐடிபி’ என்று முடிவுகட்ட முடியாது. வெப்ப மண்டலத்தில் ஆண்டு முழுவதும் பழுப்பு நாய் உண்ணி வாழ்கிறது. அது பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா, பிளேட்லெட்டைக் குறைப்பதில் கில்லாடி. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட கிருமி இது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் ஏராளமாக ரத்தக்கசிவால் இறந்த பிறகுதான் இதன் தீவிரம் உலகுக்குப் புரிந்தது. பேபீசியா, அனாபிளாஸ்மா போன்ற வேறு உண்ணிக் கிருமிகளும் பிளேட்லெட்டைக் குறைக்கும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தரப்படுகிறது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் 28 நாட்கள். நோயின் ஆரம்பக் கட்டத்தில் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் சில நாட்களிலேயே தெளிந்துவிடும். பிளேட்லெட்டும் ஏறத் தொடங்கும். ஆனால், நாள்பட்டுப்போய் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்ட நிலையில், மீட்பது மிகக் கடினம்.

பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் செய்யும் கிட் பரிசோதனை, ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறது. ‘பாசிட்டிவ்’ என்றால், கிருமி இப்போது இருக்கிறது என்றும் பொருள்படலாம், எப்போதோ வந்துபோனது என்றும் பொருள்படலாம். நோய் தொடங்கிய முதல் நாட்களில் ‘நெகட்டிவ்’ என்றும் வரலாம். பிசிஆர் பரிசோதனை கிருமியின் மரபணுவையே தேடுகிறது. அதில் பாசிட்டிவ் வந்தால் உறுதி. நெகட்டிவ் வந்தாலும் நூறு சதவீதம் விலக்கிவிட முடியாது.

இன்னொரு பக்கம், ‘இது முதன்மை ஐடிபி-தான்’ என்று உறுதியாகச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். அதனால்தான் டாக்டர்கள் மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், ரத்தம் உறையும் நேரம் எனப் பல பரிசோதனைகளைக் கேட்கிறார்கள். எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் கொட்டும். ஆனால் அதில் உறையும் நேரம்தான் பெரிதாகப் பாதிக்கப்படும். சிகிச்சையும் முற்றிலும் வேறு.

பிசிஆர் முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். பிளேட்லெட் 5,000-ல் இருக்கும் நாய்க்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் உண்ணி நோய் அதிகமுள்ள இடங்களில் பல மருத்துவர்கள் டாக்ஸிசைக்ளினையும் ஸ்டீராய்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு முடிவைப் பார்த்து, தேவையில்லாததை நிறுத்துவார்கள். “ரெண்டு மருந்தை ஏன் ஒண்ணா கொடுக்கிறாங்க, டாக்டருக்கே தெரியலையா?” என்று சந்தேகப்படத் தேவையில்லை. யோசித்து எடுக்கும் முடிவுதான் அது.

முதல் மருந்து: ஸ்டீராய்டு

ஐடிபி சிகிச்சையின் முதுகெலும்பு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டிக்கர் ஒட்டிய பிளேட்லெட்டை விழுங்கும் செல்களை இது முதலில் அடக்குகிறது. பிறகு ஆன்டிபாடி உற்பத்தியையும் குறைக்கிறது.

வழக்கமான தொடக்க அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம். அதாவது 20 கிலோ லாப்ரடாருக்கு 40 மில்லிகிராம். பெரிய இன நாய்களுக்கு இதே கணக்கைப் போட்டால் பக்கவிளைவு தாங்க முடியாத அளவுக்குப் போகும் என்பதால், அவற்றுக்கு உச்ச வரம்பு வைத்து அளவைக் குறைப்பார்கள். வீட்டில் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தூக்கிக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மாத்திரை தொடங்கிய மறுநாளே எண்ணிக்கை ஏறாது. பல நாய்களில் ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஆபத்து மிகுந்த நாட்கள் இவைதான். சிகிச்சை தொடங்கிவிட்டோம் என்று நிம்மதி அடையும் அந்த வாரத்தில்தான் குடலிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்பட வாய்ப்பு அதிகம்.

அந்த ஒரு வாரத்தைச் சுருக்க முடியுமா?

முடியும். புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில், ஒரே ஒருமுறை நரம்பில் செலுத்துவது ஒரு வழி. எலும்பு மஜ்ஜையிலிருந்து பிளேட்லெட்டுகளை வேகமாக வெளியேற்றவும், விழுங்கு செல்களைத் தடுக்கவும் இது உதவுகிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 24 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவற்றுக்குப் பிளேட்லெட் 40,000-ஐத் தாண்ட சராசரியாக 6.8 நாட்கள் ஆனது. வின்கிறிஸ்டினும் சேர்த்துப் பெற்றவற்றுக்கு 4.9 நாட்கள். இரண்டு நாள் வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கலாம். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நாய்க்கு அது பெரிய விஷயம். இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் திசுவைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும் என்பதால், பழகிய கையால் போடப்பட வேண்டிய ஊசி இது.

மற்றொரு வழி, ஐவிஐஜி. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் இம்யூனோகுளோபுலின் இது. விழுங்கு செல்களின் வாயை இது அடைத்துவிடுகிறது என்று எளிமையாகச் சொல்லலாம். 2009-ல் 18 நாய்களில் நடந்த ஆய்வில், இது பிளேட்லெட் மீளும் காலத்தை 7.5 நாட்களிலிருந்து 3.5 நாட்களாகக் குறைத்தது. ஆனால் விலை மிக அதிகம். பின்னர் 2013-ல் வின்கிறிஸ்டினையும் ஐவிஐஜி-யையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் பெரும்பாலான இடங்களில் வின்கிறிஸ்டின்தான் முதல் தேர்வு.

2024-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் வெட்டரினரி இன்டர்னல் மெடிசின், நாய், பூனைகளின் ஐடிபி-யைக் கண்டறிவது பற்றியும் சிகிச்சை பற்றியும் இரண்டு ஒருமித்த கருத்து அறிக்கைகளை வெளியிட்டது. அதிலும் ஸ்டீராய்டே அடிப்படை. ரத்தக்கசிவு தீவிரமாக இருந்தால் கூடுதல் மருந்து என்பதே பொதுவான அணுகுமுறை.

ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடாதா?

டெங்குவில் பிளேட்லெட் பை தேடி அலைந்தவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. ஆனால் ஐடிபி-யில் புதிதாக ஏற்றும் பிளேட்லெட்டையும் நாயின் உடல் சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். மூளை ரத்தக்கசிவு போன்ற உயிர் போகும் நிலையில், சில மணி நேர அவகாசத்துக்காக மட்டுமே அது பயன்படும்.

சிவப்பணு இழப்பு வேறு விஷயம். குடலில் ரத்தம் கசிந்து நாய் வெளிறிப்போயிருந்தால், ரத்தம் ஏற்றுவது உயிரைக் காப்பாற்றும். நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. அவற்றில் முக்கியமானது ‘டிஇஏ 1’ பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விலங்குகளுக்கான ரத்த வங்கி செயல்படுகிறது. ஆனாலும் கொடையாளர் நாய்கள் எப்போதும் தேவைதான். பொதுவாக 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான இளம் அல்லது நடுத்தர வயது நாய்கள் ரத்தம் கொடுக்கலாம்.

ஸ்டீராய்டு கேட்காவிட்டால்?

ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் எண்ணிக்கை அசையவில்லை, அல்லது பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் இரண்டாவது மருந்து சேர்ப்பார்கள். மைக்கோஃபினோலேட், சைக்ளோஸ்போரின், அசாதயோபிரின், லெஃப்ளூனோமைடு ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. மைக்கோஃபினோலேட் சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அசாதயோபிரின் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லா மருந்தும் கைவிட்டால் மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சை கடைசி ஆயுதம். அதற்கு முன் உண்ணிக் கிருமி இல்லை என்பதை இன்னொரு முறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

“நல்லாத்தானே இருக்கு, மாத்திரையை நிறுத்திடலாமா?”

சிகிச்சை தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். பிளேட்லெட் 2 லட்சத்தைத் தொட்டதும், வீட்டில் எல்லோருக்கும் ஸ்டீராய்டு மீது வெறுப்பு வந்திருக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது. நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். எவ்வளவு போட்டாலும் பசி அடங்காது. எப்போதும் மூச்சிரைக்கும். தொடைத் தசை கரைந்து, வயிறு தொங்கும். அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கும் ஐடி ஊழியருக்கு, இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நாயைக் கீழே அழைத்துப்போவது லேசான காரியம் இல்லை.

ஆனால் திடீரென்று நிறுத்தினால் இரண்டு ஆபத்து. ஒன்று, அடங்கியிருந்த நோய் திரும்ப வரலாம். இரண்டு, வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துக்கொண்டிருந்ததால் உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தும்போது ரத்த அழுத்தம் சரிந்து நாய் சுருண்டு விழக்கூடும். அதனால் எண்ணிக்கை சீரான பிறகு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, ஒவ்வொரு முறையும் சுமார் கால் பங்கு எனக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மொத்தத்தில் நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். அளவு குறையக் குறைய மேலே சொன்ன தொல்லைகளும் படிப்படியாக விலகும். தசையும் முடியும் திரும்பி வரும்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

டெங்கு காலத்துப் பழக்கம் நாய்க்கும் வந்துவிட்டது. ஐடிபி-யில் பிரச்சினை பிளேட்லெட் உற்பத்தி குறைந்தது அல்ல, உற்பத்தியானதை உடல் அழிப்பது. அந்த அழிவை நிறுத்தாமல் எண்ணிக்கை நிலைக்காது. பப்பாளி இலைச் சாறு ஸ்டீராய்டுக்கோ டாக்ஸிசைக்ளினுக்கோ மாற்று ஆகாது. கசப்பான சாற்றை வாயைப் பிளந்து ஊற்றும்போது ஈறில் காயம் பட்டு ரத்தம் வரவும், புரையேறவும் வாய்ப்பு உண்டு. ‘ரெண்டு நாள் சாறு கொடுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருப்பதுதான் இதில் பெரிய இழப்பு.

வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

• பிளேட்லெட் பாதுகாப்பான அளவுக்கு வரும்வரை ஓட்டம், குதியாட்டம், மாடிப்படி, மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு எதுவும் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் பயன்படுத்தலாம்.

• எலும்பு, கடினமான மெல்லும் பொம்மை, பல் துலக்குதல் நிறுத்தம். குழைந்த சாதம் போன்ற மென்மையான உணவு போதும்.

• ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. இவை குடலில் புண்ணை உண்டாக்கும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

• தசையில் போடும் ஊசியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள்.

• டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறும் வயிற்றில் உலர்வாகக் கொடுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். உணவோடு கொடுத்து, பின்னர் தண்ணீர் குடிக்க வையுங்கள். பாலில் கலந்து கொடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது.

• தினமும் ஒருமுறை ஈறையும் அடிவயிற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மலத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மொபைலில் படம் எடுத்து வைத்தால், புள்ளிகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று ஒப்பிட முடியும்.

• உண்ணி ஒழிப்பு வாழ்நாள் முழுவதும் வேண்டும். நாயின் மேல் தெரியும் உண்ணி ஒரு பங்கு என்றால், சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் கட்டில் அடியிலும் இருப்பவை பல பங்கு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து, வீட்டுக்குச் சுத்தம் இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

• தடுப்பூசியை டாக்டரிடம் கேட்காமல் போடவும் வேண்டாம், கேட்காமல் தவிர்க்கவும் வேண்டாம். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து ஓடும்போது சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் ரேபிஸ் பரவலாக உள்ள நாட்டில், அந்த ஊசியை நிரந்தரமாக மறந்துவிட முடியாது.

பிழைக்குமா? மீண்டும் வருமா?

நம்பிக்கை தரும் பதில்தான். 2011-ல் வெளியான, 73 நாய்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், 84 சதவீதம் உயிரோடு வீடு திரும்பின. கருப்பு மலமும், ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் உயர்வும் இருந்த நாய்களில் பிழைக்கும் வாய்ப்பு குறைந்தது. அதாவது, தோலில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பதைவிட, குடலுக்குள் கசிவு இருக்கிறதா என்பதே அதிகம் கவனிக்க வேண்டியது. அதே ஆய்வில் நோய் மீண்டும் வந்தது 9 சதவீத நாய்களில். வேறு சில ஆய்வுகளில் இந்த அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அதனால் மருந்து முழுவதும் நின்ற பிறகும் அவ்வப்போது ரத்தம் பார்ப்பது நல்லது.

ஒரே நேரத்தில் சிவப்பணுக்களையும் உடல் அழிக்கத் தொடங்கினால் அது ‘ஈவன்ஸ் சிண்ட்ரோம்’. அந்த நிலையில் சிகிச்சை கடினம். எதிர்பார்ப்பையும் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எண்ணிக்கை குறைவை ஸ்மியரில் உறுதிசெய்துவிட்டீர்களா?

2. உண்ணிக் கிருமிக்கு எந்தப் பரிசோதனை செய்தோம், ஆன்டிபாடியா, பிசிஆரா?

3. குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா? வின்கிறிஸ்டின் தேவைப்படுமா?

4. அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்? அதுவரை எந்த அறிகுறி வந்தால் உடனே அழைத்து வர வேண்டும்?

5. ஸ்டீராய்டை எப்போது, எவ்வளவு குறைக்கத் தொடங்குவோம்?

பணம் ஒரு பிரச்சினையாக இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஸ்மியர், டாக்ஸிசைக்ளின், பிரெட்னிசோலோன் மூன்றும் இந்தச் சிகிச்சையின் மலிவான பகுதி. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டரால் வரிசைப்படுத்தித் தர முடியும். பாதி வழியில் மாத்திரையை நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே கையில் இருப்பதற்கு ஏற்பத் திட்டம் போடுவது நாய்க்குப் பாதுகாப்பு.